வெள்ளெழுத்து

மருதமுனையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். பாவில் அறுந்த இழையை முடிபோடும் நெசவாளி இடையிடையே நிமிர்ந்து தெருவைப் பார்ப்பார். பராக்குப் பார்க்கிறார் என்போம். உண்மையில் அது கண்ணுக்கு ஓய்வு.

கண்ணுக்குள்ளே ஒரு வில்லை நுண்ணிய இழைகளில் தொங்குகின்றது. சுற்றிலும் வளையமாக ஒரு தசை. கடலில் தூரத்தே வரும் தோணியைப் பார்க்கையில் தசை தளர்ந்திருக்கும். இழைகள் இறுகி வில்லையைத் தட்டையாக்கும். கையிலுள்ள நூலைப் பார்க்கையிலோ தசை சுருங்கும். இழைகள் தளர, வில்லை தானாகவே புடைக்கும். தசை இறுக இழை தளர்கின்றது! எந்தத் தறியிலும் நான் காணாத விந்தை இது. ஆங்கில அறிஞர் தோமஸ் யங் தம் கண்ணையே நீரில் வைத்துச் சோதித்து, மாறுவது வெளிப்படலமன்று, வில்லையே என்று 1801 இல் எழுதினார்.

நாற்பதைக் கடந்தால் வில்லையின் விறைப்பு வெளிப்படத் தொடங்கும். "மகன், இந்த ஊசியில நூலக் கோத்துத் தாங்க" என்று உம்மா கேட்பது அப்போதுதான். தமிழ் இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர் வைத்தது. குறை கண்ணில், பழி எழுத்தின்மேல்!

ஆனால் "கண் போயிற்று" என்று, கைத்திறன் குன்றாத வயதிலேயே தறியை விட்டு இறங்கியவர்களை நான் அறிவேன். கண்ணாடி போட்டால் கண் மேலும் கெடும் என்ற பேச்சுக்குப் பயந்தவர்கள். கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை விறைக்கத்தான் செய்யும். புடைக்க இயலாத வில்லையின் குறையை வாசிப்புக் கண்ணாடி வெளியிலிருந்து நிரப்புகின்றது, அவ்வளவே. தூரப்பார்வை தெளிவாயுள்ளவர்கள் கடலைப் பார்க்கையில் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.