மதுவும் இருதயத்தின் மின்னோட்டமும்



குடி ஈரலைக் கெடுக்கும் என்பது யாவரும் அறிந்ததே. அது இருதயத்தின் மின்னோட்டத்தையும் குலைக்கும் என்பதைப் பலர் அறியார். ஆதலின் அதனையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

எழுவைதீவில் வீடுகளுக்கு மின்சாரம் வருமுன்னரே நம் ஒவ்வொருவர் நெஞ்சினுள்ளும் மின்சாரம் இருந்தது! இருதயத்தின் வலது மேலறையிலுள்ள சிறு கணுவொன்று, நாம் ஓய்ந்திருக்கையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்துடிப்பை எழுப்புகின்றது. அதன்படி மேலறைகளும் பின்னர்க் கீழறைகளும் முறையே சுருங்குகின்றன. இவ்வோட்டத்தைக் கோடாகத் தீட்டும் கருவியை ஆக்கிய ஒல்லாந்தர் ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது.

மது மிகுந்தால், இருதயத்தை அடக்கி நடத்தும் நரம்பின் பிடி தளர்கின்றது. விரைவுபடுத்தும் நரம்புகள் ஓங்குகின்றன. தொடர்ந்து குடிப்பவர் உடலில் மக்னீசியம், பொட்டாசியம் என்னும் உப்புக்களும் குறைகின்றன. அப்பொழுது மேலறை முறையாகச் சுருங்காது, நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேலாக வெறுமனே நடுங்கத் தொடங்கலாம்.

1978இல் அமெரிக்க வைத்தியர் எற்றிஞ்சரும் துணைவரும் இதற்கு 'விடுமுறை இருதயம்' எனப் பெயரிட்டனர். ஞாயிறு முதல் செவ்வாய் வரையிலும், நத்தார், புதுவருட நாட்களிலுமே இந்நோயாளர் மிகுதியாக வந்தனராம். 2015இல் ஜேர்மனியின் மியூனிச் நகரத்துப் பியர் விழாவில் 3,000 பேருக்குமேல் சோதித்தபோது, ஏறக்குறைய நூற்றுக்கு முப்பதுபேரின் இருதய ஓட்டம் பிறழ்ந்திருந்தது. பெரும்பாலும் அது வெறும் படபடப்பே; ஆயினும் சிலருக்கு மேலறை நடுக்கமும் இருந்தது.

"எங்கள் பனங்கள்ளு இயற்கையானது, தீங்கில்லை" என்பார் உளர். இருதயக் கணு பனையையும் பார்லியையும் பிரித்தறியாது. இரண்டிலும் உள்ளது ஒரே மதுசாரமே.

நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறையும். அவ்வுறைவு மூளைக்குச் சென்றால் பாரிசவாதம். உறைவைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். வள்ளமேறி ஊர்காவற்றுறை சென்று, அங்கிருந்து யாழ்ப்பாணம் போகவேண்டிய நமக்கு அந்நேரம் எவ்வளவு குறுகியது!

விட்டால் குணமுண்டா? உண்டு. அவுஸ்திரேலியாவில், இந்நடுக்கமுள்ள 140 குடிப்பழக்கத்தினரை ஆறு மாதம் அவதானித்து 2020இல் முடிவை வெளியிட்டனர். குடியைத் தொடர்ந்தோரில் நூற்றுக்கு 73 பேருக்கு நோய் திரும்பியது. நிறுத்தச் சொல்லப்பட்டோரில் 53 பேருக்கே.

ஒன்று கூறி அமர்கிறேன். குடித்தவரின் நாடியைத் தொட்டுப் பாருங்கள். அது தாளந்தப்பி ஓடினால் வைத்தியரிடம் காட்டுங்கள். முகம் கோணி, ஒரு கை சோர்ந்து, நாக் குழறினால், "வெறி தெளியட்டும்" எனப் படுக்கவிடாது, அந்த இராவிலேயே வள்ளத்தை இறக்குங்கள்.