கண்ணாடித் தொட்டியில் கெளுத்திக் குடும்பம்

சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியிருக்கும் நம்மில் பலருக்கு வேப்பமரம் வைக்க நிலமில்லை. பசு கட்டக் கொட்டிலில்லை. வாடகை வீட்டின் கூடத்தில் மூன்றடி இடம் மிஞ்சினால் அதுவே பெரிய காரியம். அந்த மூன்றடியில் உயிருள்ள காட்சி ஒன்றை அமைத்துக்கொள்ளும் ஆசையில் சிலர் மீன் தொட்டி வாங்குகிறார்கள். கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகத்தில், எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தொட்டி இருந்தது. அது எங்களுக்குக் கற்பித்ததை முன்வைத்து, கெளுத்தி இனத்து மீன்களைக் கொண்டே ஒரு தொட்டியைத் திட்டமிடுவது எப்படி என்று இன்று ஆராய்வோம்.

கெளுத்தி என்றவுடன் நமக்குக் குழம்புதான் நினைவுக்கு வரும். ஆனால் உலகில் இவ்வினத்தில் 3,000-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சுண்டுவிரல் அளவில் நின்றுவிடுவனவும் உண்டு. ஆள் நீளம் வளர்வனவும் உண்டு. மீசை இவற்றின் பொது அடையாளம். அது அழகுக்காக அமைந்ததன்று. நாவில் இருக்க வேண்டிய சுவை அரும்புகள் மீசையில் நிறைந்திருப்பதால், கலங்கிய நீரிலும் காரிருளிலும் இரை இருக்கும் இடத்தை அது அறிந்து சொல்லிவிடுகிறது.

வாளை மீனும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. மரத்திலிருந்து உதிரும் மாம்பழத்தை வயற்குளத்து வாளை கவ்வும் காட்சியைக் குறுந்தொகையில் ஆலங்குடி வங்கனார் காட்டுகிறார். கவிதைக்கு இனிய அந்தக் காட்சியில், மீன் வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. கெளுத்தி இனத்தில் பலவற்றுக்கு வாய் பெரிது. அவ்வாயில் அடங்குவதெல்லாம் அவற்றுக்கு உணவு. ஆகவே பெரியதையும் சிறியதையும் ஒரே தொட்டியில் விட்டுவிட்டு, காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கிறதே என்று வியப்பதில் பயனில்லை. முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம் வரும் என்பதே மீன் வாங்கும்போது நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

இனித் தொட்டிக்கு வருவோம். மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 190 லிட்டர் நீர் கொள்ளும். கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் எடை 200 கிலோவைத் தாண்டும். ஆகவே உறுதியான தரையும், ஆட்டம் காணாத மேசையும் வேண்டும்.

இத்தொட்டியில் யாரைக் குடியமர்த்தலாம்? சுரங்கத்தில் ஒவ்வொரு மட்டத்திலும் வெவ்வேறு குழுவினர் வேலை செய்ததைத் தங்கவயல்காரர்கள் அறிவார்கள். தொட்டியிலும் அவ்வாறே பிரிக்கலாம். அடித்தளத்தில், தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கோரிடோராஸ் எட்டு விடலாம். இது இரண்டரை அங்குலத்துக்குமேல் வளர்வது அரிது. தனியே விட்டால் ஏங்கும். ஆறுக்குக் குறையாத கூட்டமாக இருந்தால்தான் மகிழ்ந்து திரியும். மணலைக் கிளறி இரை தேடுவதால், கூரிய கல் பரப்பினால் மீசை தேய்ந்துபோகும். மென்மையான மணலே வேண்டும். நடுத்தளத்துக்குக் கண்ணாடிக் கெளுத்தி ஆறு போதும். உடலுக்குள் முள் வரிசை தெரியும்படி ஒளி ஊடுருவும் இம்மீன் தாய்லாந்துக்கு உரியது; இதைத் தனி இனமென்று அறிவியலார் பெயரிட்டது 2013-இல்தான். மரக்கட்டையும் கண்ணாடிச் சுவரும் பிரிஸில்நோஸ் என்னும் சிறு வகைக்கு உரியவை. இது அரை அடிக்குள் நின்றுவிடும். பாசியைச் சுரண்டித் தின்னும். பகலில் பதுங்கி இரவில் வேலைக்குக் கிளம்பும் இரவு ஷிப்டுக்காரர் இவர். ஆண்கள் இடத்துக்காகச் சண்டையிடும் வழக்கம் உண்டாதலால் ஒன்று போதும்.

அடுத்தது நீர். கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடம் எண்ணித் தண்ணீர் பிடித்துப் பழகிய இடத்தில் மீன் தொட்டி வைப்பது வாரந்தோறும் செலுத்த வேண்டிய ஒரு கடன். வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றவேண்டும். அதாவது மூன்று குடம். வெளியே எடுக்கும் நீர் செடிகளுக்கு நல்ல உரம் என்பது ஆறுதல். அந்த மூன்று குடத்துக்கு வழியில்லை என்றால் தொட்டியைச் சிறிதாக்கி, மீன்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்வதே நேர்மை. ஆழ்துளைக் கிணற்று நீர் மிகவும் கடினமாக இருந்தால் கண்ணாடிக் கெளுத்தியைத் தவிர்க்கலாம். பண்ணையில் பிறந்த கோரிடோராஸ் ஓரளவு ஈடுகொடுக்கும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பின்பே ஊற்றவேண்டும்.

புதுத் தொட்டியில் அன்றே மீனை விடலாகாது. மீன்களின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சிறிதளவு தீனியிட்டு, வடிகட்டியை ஓடவிட்டு அதுவரை காத்திருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் நீரின் வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்காதிருக்க ஒரு ஹீட்டர் தேவை.

‘மற்ற மீன் விட்டுவைத்த மிச்சத்தைத் தின்று கெளுத்தி பிழைத்துக்கொள்ளும்’ என்பது பரவலான தவறு. அவற்றுக்கென்று நீரில் மூழ்கும் தீனியை விளக்கணைத்த பின் இடவேண்டும். கெளுத்திக்குச் செதில் இல்லை. மருந்தோ உப்போ அளவு மீறினால் முதலில் வாடுவது அதுவே. துடுப்பு முள் வலையில் சிக்கிக்கொள்ளுமாதலால், இடம் மாற்றும்போது கிண்ணத்தால் முகந்தெடுப்பதே நல்லது.

இவையெல்லாம் பின்னாளில் கற்றவை. முதலில் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. வீட்டுச் சிறுவன் விரல் நீளமுள்ள கரிய மீன் ஒன்றைக் கேட்டு வாங்கினான். தொட்டியைத் துடைக்கும் மீன் என்று கடையில் சொன்னார்கள். சக்கர் மீன் என்று பெயர் வழங்கும் அது ஒன்றரை அடி வரை வளரக்கூடியது என்று சொன்னவர் யாருமில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டே ஆண்டில் அது ஓரடியாயிற்று. துடைக்க வந்ததே அழுக்குக்குக் காரணமாயிற்று.

அவ்வேளையில் மாற்றல் உத்தரவு வந்தது. சாமான்கள் லாரியில் ஏறிவிட்டன; மீன் மட்டும் நின்றது. அருகிலுள்ள பேத்தமங்கலம் ஏரியில் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். கொல்லவில்லை, விடுதலை தருகிறோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வாளியைத் தூக்கினோம். வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்து வீடு திரும்பியவர்; ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பம்.

“ஏரி ரொம்பினா அந்தத் தண்ணி எங்கப்பா போவும்?” என்றார்.

“பாலாற்றில் போகும்” என்றோம்.

“பாலாறு எங்க போவுது?” என்றார்.

வாளியைக் கீழே வைத்தோம்.

நந்தி மலைப்பகுதியில் பிறக்கும் பாலாறு, பேத்தமங்கலத்தைத் தொட்டு, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வயலூர் அருகே கடலை அடைகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் அது மணலாகக் கிடப்பது உண்மையே. ஆனால் 2021 நவம்பரில் அதில் பெருவெள்ளம் வந்ததை அறிவோம். அத்தகைய ஒரு வெள்ளம் போதும், ஏரியில் விட்ட மீன் ஊர்களைத் தாண்டிச் செல்ல. சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளிலும், கேரளத்திலும், கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும் சக்கர் மீன் இன்று பரவியிருப்பதற்குத் தொட்டிகளிலிருந்து தப்பியவையும் கைவிடப்பட்டவையுமே காரணம். அது கரையைக் குடைந்து வளை தோண்டுகிறது. மீனவர் வலையைக் கிழிக்கிறது. நாட்டு மீன்களின் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் வளர்ப்பை மைய அரசு 2000-இல் தடை செய்ததும் இத்தகைய கேட்டை அஞ்சியே.

மறுநாள் மூடியிட்ட வாளியுடன் ஊரிகம் நிலையத்தில் பெங்களூர் ரயில் ஏறினோம். குழம்புக்கா என்று கேட்டவர் இருவர். பெரிய தொட்டி வைத்திருந்த கடைக்காரர் ஒருவர் காசு கொடுக்காமல் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே எங்களுக்குப் பெரிய உபகாரமாகப்பட்டது.

ஆகவே தொட்டி வாங்க எண்ணும் அன்பர்கள் ஒரு தாளில் மூன்று கேள்விகளை முதலில் எழுதிக்கொள்ளலாம். இம்மீன் எவ்வளவு வளரும்? வாரத்துக்கு எத்தனை குடம் நீர் தர இயலும்? நமக்கு மாற்றல் வந்தால் இதை யார் ஏற்பார்? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கும் வரை கடைப்பக்கம் போகாதிருப்பது நலம். ஊர் மாறி வாழும் நம்மைப் போன்றோருக்கு அந்தக் கேள்வி என்றேனும் ஒரு நாள் வந்தே தீரும். நாம் குடியிருக்கும் ஊரின் ஏரி நம்முடையதன்று என்று தோன்றலாம். அதன் நீர் யாரோ ஒருவருடைய சொந்த ஊருக்குத்தான் போகிறது.