வீட்டைச் சுற்றியுள்ள பத்து சென்ட்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வயலைப் பற்றிப் பேச இங்கே பலர் வந்திருக்கிறார்கள். நான் உங்கள் வீட்டுக் கொல்லையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பத்து சென்ட் என்பது 400 சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு மாடு, பத்துக் கோழி, நான்கு தென்னை, ஒரு முருங்கை இதற்குள் அடங்கிவிடும். வயலில் அறுவடை முடிந்தால்தான் கையில் பணம் வரும். கொல்லையிலோ வாரம் தவறாமல் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

நான் உழவியல் படித்தவன். ஆனாலும் பயிரை விட்டுவிட்டு முதலில் கோழிக்கு வருகிறேன். காரணம், பல வீடுகளில் கோழிக்காசுதான் தாய்மார்களின் சொந்தக் காசு. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், அவசரத்துக்கு மருந்தும் அதிலிருந்துதான் வருகின்றன. நாட்டுக்கோழி ஆண்டில் மூன்று நான்கு முறை முட்டையிடும். 10 அல்லது 12 முட்டை வைத்து அடைக்கு உட்கார்த்தினால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பருந்து, கீரியிடமிருந்து பஞ்சாரத்தில் கவிழ்த்துக் காப்பாற்றி வளர்க்கிறீர்கள். பிறகு கோடையில் ஒரு வாரத்துக்குள் கூண்டே காலியாகிவிடுகிறது.

இதுதான் வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோய். கோழி உறங்கி விழும், வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும், மூச்சுத் திணறும், சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். நோய் வந்தபின் இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. மஞ்சளும் மிளகும் அரைத்துக் கொடுப்பதைப் பார்க்கிறேன். கொடுக்கும் அக்கறையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது இந்த நச்சுயிரியை நிறுத்தாது. வருமுன் தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 8ஆம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். மருந்தைக் கால்நடை மருத்துவமனையிலிருந்து கொண்டுவரும்போது பனிக்கட்டியோடு தெர்மாஸ் குடுவையில்தான் கொண்டுவர வேண்டும். சட்டைப் பையில் போட்டு வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தால் அந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். பிறகு 'ஊசி போட்டும் செத்துவிட்டது' என்று ஊரெல்லாம் சொல்வார்கள். தெருவில் நான்கு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டால் கலக்கிய மருந்தும் வீணாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு கோழி சோர்ந்தவுடன் மீதியைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது நம்மிடையே உள்ள வழக்கம். அப்படித்தான் அடுத்த ஊருக்கு நோய் போகிறது. செத்ததை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

அடுத்தது எருக்குழி. ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடுவதாக வைத்தாலும், இரண்டு மாட்டுக்கு ஆண்டில் 7 டன்னுக்கு மேல் ஆகிறது. மட்கும்போது எடை குறையும். இருந்தாலும் சிறு தொகையல்ல. இதை வாசல் ஓரத்தில் மேடாகக் குவித்து வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுகிறோம். தழைச்சத்து காற்றோடும் நீரோடும் போய்விடுகிறது. சாணத்தைவிட மூத்திரத்தில்தான் தழைச்சத்து அதிகம் என்பதைப் பலர் நினைப்பதில்லை. இரவில் மாட்டின் அடியில் உதிர்ந்த தழை, கூளம் பரப்பினால் மூத்திரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். காலையில் சாணத்தோடு சேர்த்து ஒரு மீட்டர் ஆழக் குழியில் போடுங்கள். குழி நிறைந்து தரைக்கு மேல் அரை மீட்டர் உயர்ந்ததும் சேறும் சாணமும் குழைத்துப் பூசி மூடிவிட வேண்டும். நான்கைந்து மாதத்தில் எரு தயார். ஒன்று மட்கும்போது மற்றது நிறைய, இரண்டு குழி அவசியம்.

முருங்கையில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 விதை மூலம் வருவது. முக்கால் மீட்டர் உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை நிறைய வெடிக்கும். ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். கத்தரி, வெண்டை பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குளியலறை, சமையலறைத் தண்ணீர் தெருவில் தேங்கிக் கொசு வளர்க்கிறது. ஒரு சிறு வாய்க்கால் வெட்டி முதலில் கல்வாழைக்கும், பிறகு வாழைக்கும் விடுங்கள்.

கடைசியாகத் தென்னை. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்று கொல்லைத் தென்னையிலும் இருக்கிறது. ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள், கீழ் ஓலையின் மேல் கரி பூசியது போன்ற கரும்பூசணம். பதறிப்போய் விஷ மருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்னும் சிறு குளவி ஓலையிலேயே வாழ்கிறது. மருந்துக்கு முதலில் மடிவது அதுதான். ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பாலிதீன் தாளைத் தொங்கவிடுங்கள். கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா வீதம் பசை காய்ச்சித் தெளித்தால், காய்ந்து உரிந்து விழும். சாக்கடை நீருக்கென்று சொன்னேனே, அந்தக் கல்வாழையும் வாழையும் இந்தக் குளவி பெருகவும் இடம் தரும். ஆகையால் வாய்க்காலைத் தென்னைக்குப் பக்கமாகவே வெட்டுங்கள்.