இரண்டாவது எண்ணையாவது தாருங்கள்

(2024 ஜனாதிபதித் தேர்தலின்போது கொழும்பு கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீடு வீடாகச் சென்ற மலையக இளைஞர் குழுவின் சார்பில், தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை.)



காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நீட்டி முழக்க நாம் வரவில்லை. ஒரு தேர்தல் காலத்தில் கொழும்பிலே நாம் கண்டதையும் கேட்டதையும் சொல்லப் போகிறோம். எந்த வேட்பாளருக்காகப் போனோம் என்பதை மட்டும் இங்கே சொல்ல மாட்டோம். நலன்புரி நிதியத்தின் கூட்டம் யாருக்கும் வாக்குக் கேட்கும் இடமல்ல. அந்த மரியாதையைக் காப்பது எமது கடமை.

எம்மை உங்களுக்குத் தெரியும். ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் நாம். புறக்கோட்டை மொத்தக் கடையிலும், வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையிலும், புடவைக் கடையிலும் வேலை. வேலை முடிந்த பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் இந்தத் தொண்டு.

2024 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். வாக்குச்சீட்டிலே 39 பெயர்கள். தமிழ் வீடுகளுக்கு நாலு பக்கத்திலிருந்தும் இழுவை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தது. தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசவோடு நின்றது. தமிழரசுக் கட்சியும் சஜித்துக்கு ஆதரவு என்று அறிவிக்க, அதே கட்சிக்காரரான அரியநேத்திரன் தமிழ்ப் பொதுவேட்பாளராக நின்றார். மலையகத்தின் பேரால் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் திலகராஜும் போட்டியிட்டார். இளம் பிள்ளைகளோ அநுர குமார திசாநாயக்கவின் மாற்றத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒரே வீட்டுக்குள் அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், அம்மா ஒன்றுமே பேசாமல் அடுப்படியில். "இன்னும் முடிவு பண்ணலீங்க" என்ற பதிலைத்தான் நாம் அதிகமாகக் கேட்டோம்.

கொட்டாஞ்சேனையில் வேலை சுலபம். ஜம்பட்டா வீதி, ஜிந்துப்பிட்டிப் பக்கம் தோட்டங்களிலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் பல. ஊர் பேரைச் சொன்னதும், "அட, நம்ம பக்கமா? வாங்க தம்பி, டீ குடிங்க" என்று ஆரம்பித்துவிடும். அவர்கள் கேட்டது சம்பளத்தைப் பற்றி. 1,700 ரூபா என்றார்கள், பிறகு 1,350 அடிப்படை என்றார்கள், அக்காவுக்குக் கையில் கிடைப்பது எவ்வளவு, லயத்துக்குப் பதிலாக வீடும் காணியும் எப்போது, இதைத்தான் கேட்டார்கள். கொழும்பில் இருந்தாலும் அவர்கள் மனது மலையிலேதான் இருக்கிறது.

வெள்ளவத்தை வேறு மாதிரி. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் மாடி மாடியாக வீடுகள். அதில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்தார். மணி அடித்தால் கதவு திறக்காது. உள்ளேயிருந்து, "ஆர் அது?" என்று மட்டும் குரல் வரும். இதைப் பெருமை என்றோ நகரத்துக் குணம் என்றோ எங்களில் யாரும் நினைக்கக் கூடாது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. தடுத்தாலும், கதவைத் தட்டும் சத்தம் அந்த மனிதர்களுக்கு என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே இருட்டின பிறகு போவதில்லை, இரண்டு பேருக்கு மேல் போவதில்லை, ஒருவர் கட்டாயம் பெண்பிள்ளையாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டோம். கதவுக்கு அப்பால் நின்றே பேசினோம்.

கதவு திறந்தபோது பல வீடுகளில் கேட்ட வசனம் இது: "தம்பி, ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான்." இதற்கு என்ன பதில்? இல்லை என்று வாதாடினால் அவர் இன்னும் இறுகிப் போவார். நாம் 2005ஆம் ஆண்டுக் கணக்கைச் சொன்னோம். அந்தத் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷ வென்றது 180,786 வாக்கு வித்தியாசத்தில். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பினால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் சொச்சம்தான். அதற்குப் பின் நாடு போன வழியை அவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. "வாக்குப் போடாததும் ஒரு வாக்குத்தான் ஐயா, அதை எண்ணுவது மற்றவர்" என்று எங்கள் பொடியன் ஒருவன் சொன்னான். அந்த ஐயா சிரித்துவிட்டார். ஆனால் யாருக்கு என்பதை அன்றைக்கும் சொல்லவில்லை.

ஊர்வலம், ஒலிபெருக்கி, சுவரொட்டி எல்லாம் ஏற்கெனவே ஒரு பக்கம் சேர்ந்தவனைக் குஷிப்படுத்தும், அவ்வளவுதான். தயங்கி நிற்பவனுக்கு அது சத்தம். அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற நகரத்தில் 1998இல் ஆலன் கேர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் பரீட்சித்துப் பார்த்தார்கள். நேரில் வீட்டுக்குப் போய்ப் பேசிய இடங்களில் வாக்களிக்கப் போனவர்கள் கூடினார்கள். தொலைபேசி அழைப்பு அப்படி வேலை செய்யவில்லை. கொழுந்துக் கூடையோடு வீடு திரும்பும் அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசித் தெரிந்த எங்களுக்கு இதைச் சொல்லப் பேராசிரியர் தேவையில்லைதான். இருந்தாலும் கணக்காகச் சொன்னால் கேட்கிறவர்களும் உண்டு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். முடிவு எடுக்காதவர் என்றால் அவர் மனதில் ஒன்றுமே இல்லை என்று கட்சிக்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கொட்டாஞ்சேனையில் ஒரு ஆச்சி சொன்னார்: "எனக்குப் புடிச்ச ஆளு ஒருத்தர். ஆனா அவரு வெல்ல மாட்டாரே. வோட்டு வீணாப் போயிருமேன்னுதான் யோசிக்கிறேன்." ஒரு மனதுக்கு இரண்டு ஆசை. இந்த ஆச்சிக்காகவே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 1981ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் சட்டத்தின்படி, விரும்பியவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போன சீட்டுகளை எடுத்து, அதில் இந்த இருவரில் யாருக்கு அடுத்த விருப்பம் என்று பார்த்துக் கூட்டுவார்கள்.

1982இலிருந்து எட்டுத் தேர்தலில் அதற்குத் தேவையே வரவில்லை. ஒன்பதாவது தேர்தலில், 2024இல் வந்தது. அநுரவுக்கு 5,634,915, சஜித்துக்கு 4,363,035. யாரும் பாதியைத் தாண்டவில்லை. மற்றவர்களுக்குப் போன சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றை எண்ணியபோது அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 கூடியது. இரண்டையும் சேர்த்தால் 2 இலட்சத்து 73 ஆயிரம். அதாவது நூறு சீட்டில் எட்டுத்தான் பேசியது, மற்றத் தொண்ணூற்றிரண்டும் வாய் மூடிக்கொண்டது. இரண்டு பேருமே வேண்டாம் என்று தெரிந்தே விட்டவர்களும் அதில் இருப்பார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அநுரவுக்கும் சஜித்துக்கும் முதல் எண்ணிக்கையில் இருந்த வித்தியாசம் 12 இலட்சத்து 71 ஆயிரம், வாய் மூடிய சீட்டு 30 இலட்சம். முடிவு மாறியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. முடிவைத் தொடக்கூடிய கை சும்மா இருந்தது என்கிறோம்.

மேடைகளில் இதை ஆர்வமாகச் சொல்ல மாட்டார்கள். "எமக்குப் புள்ளடி போடுங்கள்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசினால் முதலாவதை விட்டுக்கொடுத்த மாதிரி என்று பயம். நாம் அந்த ஆச்சியிடம் கேட்டது இப்படி: "ஆச்சி, ஒங்க மனசு அங்கனா ஒன்ன அங்கயே போடுங்க. ரெண்ட எங்களுக்குத் தாங்க." அவர் நம்பவில்லை. அப்படிப் போட்டால் சீட்டுக் கெட்டுப் போகாதா என்று மூன்று தரம் கேட்டார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி, பென்சிலைக் கையில் கொடுத்து, போட்டுப் பார்க்கச் சொன்னோம். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டாருக்கு அவரே சொல்லிக் கொடுத்தார். எம் கட்சிக்கு இல்லை, தன்னுடைய ஆளுக்கு! அதுவும் நல்லதுதான்.

எண் போடுவதானால் எண் மட்டும் போடுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் 1 அல்லது ஒரே ஒரு புள்ளடி. இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். எண்ணையும் புள்ளடியையும் கலக்காதீர்கள். 2024இல் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன.

வாக்கு எங்களுக்குச் சும்மா வந்ததல்ல. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர் ஆக்கியது, அடுத்த வருஷமே இடாப்பிலிருந்து பெயரும் போனது. 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது லயத்துக்குள்ளிருந்து வேடிக்கை பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். 1988, 2003 சட்டங்களுக்குப் பிறகுதான் நாடற்றவர் என்ற சொல்லே ஒழிந்தது.

கடைசியாக, கொழும்பில் பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோருக்கு. அவர்களுடைய பெயர் தோட்டத்து இடாப்பில்தான் இருக்கும். வாக்குப் போட வரவேண்டும். "லீவு கேட்டால் சம்பளத்தை வெட்டுவோம்" என்று ஒரு கடை முதலாளி எம்மில் ஒருவரிடம் சொன்னார். வாக்களிக்கச் சம்பளத்தோடு குறைந்தது நான்கு மணித்தியாலம் லீவு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தூரத்தில் இருந்து போகிறவர்களுக்கு, 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்று தேர்தல் காலத்தில் அறிவித்தார்கள். லீவை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வாக்காளர் அட்டை மட்டும் காட்டினால் போதாது. தேசிய அடையாள அட்டை இல்லாதவர்கள், இப்போதே கிராம உத்தியோகத்தரிடம் போய் விண்ணப்பப் பத்திரத்தை எடுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் அங்கே வரிசை, ஒரு நாள் பேரும் போய்விடும். இடாப்புத் திருத்தம் வருஷா வருஷம் நடக்கிறது. 18 வயதான பிள்ளை வீட்டில் இருந்தால் பெயர் சேர்ந்ததா என்று பாருங்கள். எழுதப் படிக்கச் சிரமமானவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வாருங்கள், பத்திரத்தை நாம் நிரப்பித் தருகிறோம். பிறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டு வாருங்கள்.