‘பழையபடி’ என்றால் எது?

பழைய தேவாலயத்தைப் புதுப்பிக்க ஓவிய ஏலம் நடத்தலாமா என்று குருபரப்பள்ளி இளைஞர்கள் கேட்டீர்கள். நடத்தலாம். ஆனால் எதைப் புதுப்பிக்கிறோம்?

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய தேவாலயத்துக்குள் சாதி பிரிக்கச் சுவர் இருந்தது. 1910-ல் பாதிரியார் கௌசானல் இடித்தார். பழையபடி வேண்டும் என்று ஆதிக்க சாதியினர் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். ‘பழையபடி’ என்ற சொல்லுக்குள் அந்தச் சுவரும் இருக்கிறது.

சுவர் போனாலும் சாதி போகவில்லை. 2008-ல் எறையூரில் சம உரிமை கேட்ட தலித் கிறித்தவர்கள் தாக்கப்பட்டார்கள்.

ஆகவே ஓவியம் தருமுன் கேளுங்கள்: கல்லறைத் தோட்டம் எல்லாருக்கும் ஒன்றா? சவ ஊர்வலத்துக்கு ஒரே தெருவா? பங்குப் பேரவையில் தலித்துகள் உண்டா?

இல்லையென்றால், முதல் பழுது அங்கேதான். கூரையை அப்புறம் பார்க்கலாம்.