நமக்குக் கசந்த தீர்ப்பும் நமக்கான அளவுகோலும்



நம்மைக் காயப்படுத்திய ஒரு படத்தைக் காப்பாற்றிய தீர்ப்பை நாம் ஏன் படிக்க வேண்டும்? இந்த நினைவுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

'ஒரே ஒரு கிராமத்திலே' இடஒதுக்கீட்டை எதிர்த்த படம். அம்பேத்கரை அது இழிவுபடுத்துவதாகவும் சொல்லி நம் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிப் படத்தை அனுமதித்தது.

கசந்த தீர்ப்புதான். ஆனால் அதிலுள்ள அளவுகோலைப் பாருங்கள். அரசமைப்புச் சட்டம் 19(2) பேச்சுரிமைக்கு 'நியாயமான' கட்டுப்பாடுகளை மட்டுமே அனுமதிக்கிறது. எது நியாயம்? பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்தில் விழும் தீப்பொறி போல நேரடியாக இருக்க வேண்டும். வெறும் ஊகம் போதாது. இன்னொன்று, கலவரம் செய்வோம் என்று சிலர் மிரட்டுவதைக் காட்டி அரசு கைவிரிக்கக் கூடாது. பேசுகிறவரைக் காப்பது அதன் கடமை.

மிரட்டலுக்கு அரசு பணிந்தால் என்ன ஆகும் என்பது மதுரை மண்ணுக்குத் தெரியும். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்தாண்டுகள் தலித் தலைவர் பதவி வகிக்க முடியவில்லை. மிரட்டியவர்கள் ஊரில் நடமாடினார்கள், உரிமைதான் ஒத்திவைக்கப்பட்டது. நம் கூட்டத்துக்கு அனுமதி கேட்கும்போது 'சட்டம் ஒழுங்கு கெடும்' என்று சொல்லும் பதிலும் இதே தர்க்கம்தான். பெருமாள்முருகன் வழக்கிலும், நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னின்று எழுதவைத்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் சொன்னது.

அப்படியானால் சாதியைச் சொல்லித் திட்டுவதையும் பொறுத்துக்கொள்வதா? இல்லை. அதே 1989இல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. பொதுப் பார்வையில் சாதிப் பெயரால் இழிவுபடுத்துவது குற்றம். இடஒதுக்கீட்டை எதிர்க்கும் வாதம் வேறு. அதற்கு வாதத்தால் பதில் சொல்வோம். இழிவுக்கு வழக்குப் போடுவோம். இரண்டையும் குழப்பித் தடை கேட்டால், அந்தத் தடை நாளை நம் நாடகத்தின் மீதும் சுவரொட்டியின் மீதும் விழும்.

ஆகவே அனுமதி மறுத்தால் எழுத்தில் ஆணை கேளுங்கள். தீப்பொறி எங்கே என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மதுரைக் கிளையின் கதவைத் தட்டுவோம்.