ஜக்கூரிலிருந்து ஒரு வான்வழி



சிறு விமானத்தில் நாடு கடந்து செல்லும் பயணத்தைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். பெரிய விமானத்தில் ஏறாதவர் இன்று நம் காலனியில் அரியர். ஆயினும் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது நாம் காண்பது மேகமும் சிற்றுண்டித் தட்டுமேயன்றி நாடு அன்று. நால்வர் அமரும் சிறு விமானமோ சில ஆயிரம் அடிகளே உயர்வது. அதன் விமானி ஆற்றையும் ஏரியையும் இருப்புப் பாதையையும் கண்ணாற் கண்டே வழி தேர்கிறார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சற்பையைக் கொணர்ந்ததும், நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியே சென்னை சேர்த்ததும் ஒற்றை எஞ்சின் பூட்டிய அத்தகைய சிறு விமானத்தில்தான்.

ஆயினும் நாம் சிறப்பாகச் சொல்ல விழைவது வேறொரு பயணம். நம் நகரின் வடபால் ஜக்கூரில் 1948-இல் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1949-இல் அங்கே தேர்ச்சி பெற்றவர் உஷா சுந்தரம் அம்மையார். அவர்தம் கணவர் காப்டன் வி. சுந்தரமும் விமானியே, சென்னையில் புளூ கிராஸ் என்னும் பிராணிநலச் சங்கத்தைப் பிற்காலத்தில் தோற்றுவித்தவரும் இவரே. சென்னை அரசு 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டவ் என்னும் இரட்டை எஞ்சின் சிறு விமானம் ஒன்றை வாங்கியபோது, அதனை இங்கிலாந்திலிருந்து ஓட்டிவரும் பொறுப்பு இத் தம்பதியரிடம் வந்தது. லண்டனில் புறப்பட்டவர்கள் 27 மணி நேரத்தில் பம்பாய் சேர்ந்தனர்.

இன்றைய ஜெட் விமானத்திற்கு இது ஏறத்தாழ ஒன்பது மணிப் பயணம் என்று இளைஞர் நகைக்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். தொலைவு நேர்கோட்டிலேயே சுமார் 7,200 கிலோமீட்டர். டவ் விமானத்தின் வேகமோ மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பறப்பதற்கே 24 மணி நேரம் வேண்டும். எரிபொருளுக்காக இடையிடையே இறங்கியும் ஆகவேண்டும். ஆகவே அவ்விருவரும் தரையில் நின்ற நேரம் எத்துணைச் சிறிது! உறக்கத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டா.

இனி, நம் தலைக்கு மேலிருந்து காணும் காட்சிக்கு வருவோம். ஜக்கூரில் விமானம் எழுந்ததும் வடக்கே நந்தி மலை நீலமாய்த் தோன்றும். பாலாறும் தென்பெண்ணையும் அம்மலைப் பகுதியிலேதான் பிறக்கின்றன. தெற்கே திரும்பினால் ஏரிகள். தரையில் நிற்பவர்க்குத் தனித்தனியே தெரியும் பெல்லந்தூரும் வர்த்தூரும், மேலிருந்து நோக்குங்கால் ஒன்றன் நீர் மற்றொன்றிற்கு வழியும் சங்கிலியாய்ப் புலப்படும். அந்நீர் தென்பெண்ணையிற் கலந்து ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குச் செல்கிறது. நகரின் மேற்சரிவில் விழும் நீரோ விருஷபாவதி, அர்க்காவதி வழியே காவிரியை அடைகிறது. கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவதாகச் செய்தி வரும்போதெல்லாம் நாம் வருந்துகிறோம். நம் குளியலறை நீரை நம் உறவினர் வயல்களுக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதை அரைமணிப் பறப்பு விளக்கிவிடும். பள்ளியில் கண்ட நிலப்படம் அதனை நமக்கு விளக்கியதில்லை.

இவ்வளவும் இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் பயிலும் நம் காலனிப் பெண் ஒருத்தி விமானி ஆக விழைகிறாள். வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. பெற்றோர் இவ்வவையிலேயே அமர்ந்துள்ளனர். பெருஞ்செலவாகும் என்று அவர்கள் அஞ்சுவது முறையே. அதற்கு வங்கிக் கடனும் உதவித் தொகையும் ஆராயத்தக்கன. பெண்பிள்ளைக்கு எதற்கு என்று கூறும் அண்டை வீட்டாரின் சொல்லோ ஆராயத்தக்கதன்று. நம் நாட்டு விமானிகளுள் பெண்களின் பங்கு உலகச் சராசரியைவிட இருமடங்கிற்கும் மேற்பட்டது.

தனியார் விமானி உரிமத்திற்கு 17 வயதும் 40 மணிப் பறப்பும் போதும். தொழில்முறை உரிமத்திற்கு 200 மணி வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் மருத்துவத் தகுதிச் சோதனையை முடித்துக்கொள்வது நன்று. அதற்கும் முன்பு, ஒரு ஞாயிறு காலை மகளை அழைத்துக்கொண்டு ஜக்கூர் வரை சென்று வாருங்கள். துணைக்கு நம் சங்கத்தார் இருவர் உடன்வர இசைந்துள்ளனர்.